ஆற்றுக்குச் சாயம் போட்டவள்

ஊஞ்சையாறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்தே ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸுக்குச் சில மாதங்கள் முன்னால் ஆறு சிவப்பாக ஓடும். அங்கே பள்ளிக்கூடங்கள் திறக்கும் பருவத்துக்கு முன் கருநீலம். ஏதாவது ஒரு நாடு கால்பந்துக் கோப்பையை வாங்கிவிட்டால், அந்த நாட்டுச் சட்டையின் நிறம் கொஞ்ச நாளைக்கு ஊஞ்சக்காட்டுப்புதூர் பாலத்துக்கு அடியில் நுரைத்துக்கொண்டு போகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உலக நடப்பைத் தெரிந்துகொள்ளும் வசதி வேறு எந்த ஊருக்கும் வாய்க்கவில்லை.

சாயப்பட்டறைகளின் கழிவைச் சுத்தம் செய்ய ஊரில் ஒரு பொது நிலையம் இருந்தது. முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கட்டியது. அதற்குள் தண்ணீரை வடிகட்டிய ஆர்.ஓ. இயந்திரங்கள் மின்சாரத்தைக் குடித்த குடிக்கு, அவற்றை ஓட்டுவதைவிட அபராதம் கட்டுவது லாபம் என்று முதலாளிகளின் கணக்கு சொன்னது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. நதிநலத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, ஆற்றங்கரை நெடுகக் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு கேமராவை மாட்டியது. அதற்கு 'நதிக்கண்' என்று பெயர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அதுவே தீர்ப்புச் சொல்லும். தெளிவாக இருந்தால் கம்பத்தில் பச்சை விளக்கு. நிறம் தெரிந்தால் சிவப்பு விளக்கு. அடுத்த நிமிடம் நிலையத்தின் கணக்கிலிருந்து அபராதம் தானாகக் கழிந்துவிடும். மனிதக் கை படாத நீதி என்று அமைச்சர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த நிலையத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளராக இருந்தவள் சங்கமித்திரை. பகுத்தறிவுவாதியான அப்பா ஆசையாக வைத்த பெயர். அதை முழுசாகக் கூப்பிட ஊரில் யாருக்கும் பொறுமை இல்லாததால் 'சங்கு' ஆகிவிட்டது. "சங்கு வந்தாச்சா?" என்று காவலாளி கேட்பது புதிதாக வருகிறவர்கள் காதில் அபசகுனமாக விழும். அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஆய்வகத்தின் மூலையில் ஒரு மூட்டை டைட்டானியம் டையாக்சைடு கிடந்தது. பெயிண்டிலும் முகப்பூச்சிலும் போடுகிற வெள்ளைப் பொடிதான். அதை வைத்துக்கொண்டுதான் அவள் வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றாள். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கண்ணாடிக் குடுவையை வீட்டுக்கே கொண்டுவந்து, புருஷன் கார்மேகம் பார்த்துக்கொண்டிருந்த டி.வி.க்கு முன்னால் வைத்தாள். குடுவையில் ரத்தச் சிவப்பில் சாயத் தண்ணீர்.

"கிரிக்கெட்ட மறைக்காத சங்கு."

"அத விடு. இதப் பாரு."

அந்த வெள்ளைப் பொடியிலிருந்து அவள் ஆக்கிய வெளிர்மஞ்சள் நிறப் பொடியில் ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினாள். கூடத்து டியூப் லைட் வெளிச்சத்தில் சிவப்பு ஆரஞ்சானது. ஆரஞ்சு வெளுத்தது. அந்த ஓவர் முடிவதற்குள் குடுவையில் வெறும் தண்ணீர் நின்றது.

கார்மேகம் டி.வி.யை அணைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவன் டி.வி.யை அணைத்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மந்திரம் இது?"

"மந்திரமில்ல. அந்த வெள்ளப் பொடி மேல வெளிச்சம் பட்டா, அதுக்குள்ள இருக்கற எலெக்ட்ரான் துள்ளிக் குதிக்கும். குதிக்கறப்ப பக்கத்துல இருக்கற சாயத்த அடிச்சு உடைக்கும். ஆனா அது பெரிய எடத்துப் புள்ளையாட்டம். புற ஊதா வெளிச்சம் வந்தாத்தான் எந்திரிக்கும். வெயில்ல அது கொஞ்சூண்டுதான் இருக்குது. மத்த வெளிச்சத்துக்கெல்லாம் போர்வைய இழுத்துப் போர்த்திக்கும்."

"இப்ப எப்படி எந்திரிச்சுது?"

"உள்ள கொஞ்சம் நைட்ரஜனையும் பிஸ்மத்தையும் சொருகி வெச்சேன். துள்ளறதுக்கு முன்ன ஒரே உயரமான படி இருந்துது. இப்ப நடுவுல சின்னச் சின்னப் படி. சாதா வெளிச்சத்துலயே ஏறிக்கும். மேகமூட்டத்துலகூட வேலை செய்யும்."

"கார்மேகத்துக்கிட்ட வேலை வாங்கத் தெரிஞ்சவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா," என்றான் அவன். அவனுக்கு அப்போது வேலை இல்லை. நூல் மில் மூடியதிலிருந்து வீட்டில்தான் இருந்தான்.

நிலையத்தின் தலைவர் சென்னியப்பன் மறுநாளே அந்தக் குடுவையைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவர் ஊரின் மிகப் பெரிய சாயப்பட்டறைக்குச் சொந்தக்காரர். சங்குவுக்குத் தூரத்து உறவில் மாமா முறை.

"அம்மிணி, இது எவ்வளவு ஆகும்?"

"மலிவுதானுங் மாமா. ஆனா இன்னும் சோதிக்கோணும். நிறம் போயிருச்சுங்கறது வேற, சாயம் போயிருச்சுங்கறது வேற..."

"நிறம் போயிருச்சா இல்லியா?"

"போயிருச்சுங்."

"அப்ப வேலையப் பாரு."

அவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். மீதியைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குடுவை அவ்வளவு அழகாக இருந்தது. தன்னுடைய கையால் ஆன ஒன்று சூரிய வெளிச்சத்தில் மினுங்குகிறபோது சந்தேகம் என்பது மூட்டைப்பூச்சி மாதிரிதான் தோன்றும்.

மழைக்காலம் முடிவதற்குள் ஊஞ்சையாறு தெளிந்துவிட்டது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. அவற்றோடு தலைமுறை தலைமுறையாக ஊர் போட்ட பிராந்தி பாட்டில்களும், ஒரு ஸ்கூட்டரும், தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் இரும்புத் தட்டியும் தெரிந்தன. கம்பங்களில் எல்லாம் பச்சை விளக்கு. அபராதம் நின்றது. ஆர்.ஓ. இயந்திரங்களுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அமைச்சர் வந்து ஆற்றங்கரையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். டம்ளரில் இருந்தது கேன் தண்ணீர் என்பது மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அன்றைக்கு அங்கே புத்திசாலியாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

கார்மேகத்துக்கும் விடிவு வந்தது. மில் கொடுத்த பணத்தில் ஒரு படகு வாங்கி, பாலத்தடியில் படகுச் சவாரி தொடங்கினான். படகின் பெயர் 'சங்கமித்திரை'. ஊரில் அந்தப் பெயரை முழுசாக எழுதிய முதல் ஆள் அவன்தான். காலையும் மாலையும் ஆற்றிலேயே குளித்தான். சவாரிக்கு வருகிறவர்கள் தயங்கினால், உள்ளங்கையில் அள்ளிக் குடித்துக் காட்டினான். "என்ற சம்சாரம் சுத்தம் பண்ணுன தண்ணிங்க. பயப்படாதீங்க."

தை மாதத்தில் ஒரு நாள் காலை கார்மேகம் குளியலறையிலிருந்து கூப்பிட்டான். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"சங்கு, கொஞ்சம் இங்க வா."

அவன் கழித்த சிறுநீர் சிவப்பாக இருந்தது. வெளிர் சிவப்பு இல்லை, சாயப்பட்டறைச் சிவப்பு.

மருத்துவமனையில் டாக்டர் படங்களைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், கடைசியில் கார்மேகத்தின் முகத்தைப் பார்த்தார்.

"சாயப்பட்டறையில எவ்வளவு காலமா வேலை?"

"நான் பட்டறைப் பக்கமே போனதில்லீங் டாக்டர். படகு ஓட்டறேன்."

"சிறுநீர்ப்பை உள்ள புண்ணாகிக் கெடக்குது. இந்த மாதிரி பழைய காலத்துல சாயம் காய்ச்சறவங்களுக்குத்தான் வரும். அமீன்னு ஒரு ரசாயனம். அதுல புழங்கியிருக்கணுமே?"

பக்கத்து நாற்காலியில் சங்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த மிகச் சிலரில் அவள் ஒருத்தி.

அன்று அவள் ஆய்வகத்துக்குப் போய், பாலத்தடித் தண்ணீரை எடுத்துச் சோதித்தாள். நம்பாமல் திரும்பச் சோதித்தாள். பிறகு கருவியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை சோதித்தாள். கருவிமேல் தப்பில்லை. தெளிந்த தண்ணீரில் அமீன் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த கார்மேகத்திடம்தான் முதலில் சொன்னாள்.

"சின்னச் சின்னப் படி வெச்சேன்னு சொன்னேனே. அதுலதான் கோளாறு. படி சின்னதாச்சுன்னா அடியும் சின்னதாயிரும். சாயத்துல நிறம் இருக்கற எடம் ஒரு முடிச்சாட்டம். பொடி அந்த முடிச்ச மட்டும் அவுத்துருது. மிச்சத் துண்டெல்லாம் அப்படியே கெடக்குது. அந்தத் துண்டுதான் டாக்டர் சொன்ன அமீன். முழுச் சாயத்தவிட அதுதான் விஷம். ஆர்.ஓ. ஓடிட்டிருந்தாலாவது அது புடிச்சிருக்கும். அதையும் போர்த்தி வெச்சுட்டாங்க."

"அப்ப ஆறு சுத்தமாகலையா?"

"ஆகல. ஒளிஞ்சுக்கிச்சு. முன்னயாச்சும் சிவப்பா ஓடுச்சு. நாய்கூட வாய் வைக்காது. நான்தான் அதுக்கு நல்ல முகம் போட்டு விட்டேன்."

கார்மேகம் மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நான் எத்தன பேருக்குக் குடிச்சுக் காட்டுனேன் சங்கு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்னியப்பன் மாமா அவளை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக்கொடுத்து, பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆர்.ஓ.வ மறுக்கா ஓட்டச் சொல்றே."

"ஆமாங் மாமா. பொடியும் போடலாம், ஆனா அதுக்கப்புறம் ஆர்.ஓ. கட்டாயம் ஓடோணும்."

"தண்ணி தெளிவா இருக்குது. கம்பத்துல பச்ச லைட் எரியுது. புள்ளைங்க நீச்சலடிக்குது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்த பட்டறைக்காரங்ககிட்ட, தண்ணி கெட்டுப்போச்சு, காசு போடுங்கன்னு கேக்கறது? காட்டறதுக்கு ஏதாச்சும் இருக்கோணுமல்லோ?"

"உங்க மருமவன் ஆஸ்பத்திரில கெடக்கறாருங்."

"ஆஸ்பத்திரிச் செலவு பூரா என்னுது. அதுல பேச்சே இல்ல." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனா அம்மிணி, ஊஞ்சையாத்துல அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு நீ மட்டுந்தான் சொல்றே. ஊருக்கே கண்ணு இருக்குது, அதுக்குத் தெரியலியே."

சங்கு நதிநலத் துறைக்கு போன் செய்தாள். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார்.

"மேடம், உங்க பகுதி பச்சை காட்டுது."

"பச்சை காட்டுதுங்க. ஆனா தண்ணியில விஷம் இருக்குது. வந்து சாம்பிள் எடுங்க."

"பச்சை காட்டுறப்ப சாம்பிள் எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல மேடம். சிவப்பு காட்டினா வரலாம்."

"சிவப்பு காட்டாதுங்க. நிறமில்லாத விஷம்."

"அப்ப நாங்க எதை வெச்சு வர்றது?" அவர் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. "ஏதாவது நிறம் வந்தா சொல்லுங்க மேடம்."

போனை வைத்த சங்கு சிரித்துவிட்டாள். ஆய்வக உதவியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே ஒரே குரலில் அவளிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிற ஒருவருக்கும் தான் என்ன கேட்கிறோம் என்று தெரியவில்லை. நிறம் வேண்டும். அவ்வளவுதானே?

அமீன் துண்டைக் கண்டால் போய் ஒட்டிக்கொண்டு நிறமாகிற ரசாயனங்கள் உண்டு. சோதனைக்கூடத்தில் சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்துவார்கள். அவற்றை ஓடுகிற தண்ணீரில் வேலை செய்ய வைப்பதுதான் கஷ்டம். அவளுடைய பொடி அங்கே கைகொடுத்தது. பொடியின் மேல் அந்த மருந்தை மெல்லிசாகப் பூசிவிட்டால், வெளிச்சம் பட்ட இடத்தில் எலெக்ட்ரான் துள்ளும், துள்ளலில் மருந்து விழித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் துண்டைப் பிடித்து இழுத்துக் கட்டும். அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போடுகிற பொடி. சுத்தமான தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகாது. அவளே கேன் தண்ணீரில் போட்டு, விழுங்கிப் பார்த்தாள். உப்புக்கரித்தது, அவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீரில் போட்டபோது குடுவை பளீரென்று ரோஸ் நிறமானது. கல்யாண வீட்டில் சமையல்காரர் கேசரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கலர் போட்டது போல இருந்தது.

மாசி மாதம் ஆற்றங்கரையில் நதித் திருவிழா. படகுப் போட்டி, கோலப் போட்டி, அமைச்சர் வருகை. வீடு திரும்பியிருந்த கார்மேகம் மெலிந்து போயிருந்தான். ஆனால் துடுப்பை யாரிடமும் கொடுக்க மறுத்துவிட்டான்.

"நீ போடு, நான் ஓட்டறேன்," என்றான். "குடிச்சுக் காட்டுனவன் நான்தானே."

காலைப் பத்து மணி வெயிலில், மேளச் சத்தத்துக்கு நடுவே, 'சங்கமித்திரை' மெதுவாக ஆற்றின் நடுவே போனது. சங்கு படகின் பின்முனையில் உட்கார்ந்து, வாசலுக்குச் சாணிப்பால் தெளிப்பதுபோலக் கைநிறையப் பொடியை வீசிக்கொண்டே வந்தாள். பூத்தூவுகிறாள் என்று நினைத்து மேடையிலிருந்து கைதட்டினார்கள். படகுக்குப் பின்னால் ஒரு ரோஸ் கோடு தோன்றியது. கோடு அகன்றது. கரை இரண்டையும் தொட்டது. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மேளக்காரர்கள் மட்டும் விஷயம் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளிர் நிறப் பட்டுச்சேலைக்காரி நகச் சாயத்தைக் கொட்டிக்கொண்டதுபோல, ஊஞ்சையாறு கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில் அமைச்சரின் முன்னால் ஓடியது.

நதிக்கண்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கம்பத்துக்குக் கம்பம் விளக்கு மாறிக்கொண்டே போனது. சென்னியப்பனின் சட்டைப்பையில் போன் டிங் டிங் என்று அடித்தது. நிலையத்தின் கணக்கிலிருந்து அபராதம் கழிந்துகொண்டிருந்தது.

"ஆத்துல சாயத்தக் கொட்டிட்டா! புடிங்க அவள!" என்று அவர் கத்தினார். அந்த ஊரில், அந்த ஆற்றங்கரையில், அந்த வாக்கியத்தை ஒருவர் கோபத்தோடு சொன்னது அதுவே முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் ஜெயசுதாவுக்குப் பத்து வருஷ அனுபவம். ஆனால் இப்படி ஒரு கேஸ் அவருக்குப் புதிது. சென்னியப்பன் கொடுத்த புகாரை எஃப்.ஐ.ஆரில் எழுதிக்கொண்டே, எதிரே உட்கார்ந்திருந்த சங்குவிடம் கேட்டார்.

"ஆற்றில் சாயம் கலந்து மாசுபடுத்தியதுன்னு போடறேங்க. சரியா?"

"போடுங்க மேடம்."

"நீங்க இல்லேன்னு சொல்லணும்."

"ஏன் சொல்லோணும்? போடுங்க. நல்லாப் போடுங்க. எந்தச் சாயம்னு கோர்ட்டுல கேப்பாங்கல்ல? அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தண்ணிய எடுத்துத் தடயவியல் லேபுக்கு அனுப்புவோம். என்னென்ன இருக்குதுன்னு முழுசாச் சோதிப்பாங்க."

"முழுசாவா?"

"கிரிமினல் கேஸும்மா. ஒண்ணு விடாம."

சங்கு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். "எனக்கு ஒரு டீ கெடைக்குமாங்க மேடம்?"

டீ வருவதற்குள் சென்னியப்பன் வக்கீலோடு ஓடிவந்தார். வழியில் வக்கீல் விளக்கியிருக்க வேண்டும். அவள் கொட்டியதில் ரோஸ் நிறமே கிடையாது. நிறம் முழுக்க ஆற்றில் இருந்தது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று லேப் சொன்னால் அது ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் போய் நிற்கும்.

"மேடம், குடும்பப் பிரச்சன. எங்க பொண்ணுதான். தெரியாமப் பண்ணிட்டா. புகார வாபஸ் வாங்கிக்கறோமுங்க."

"எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுங்களே. இனி ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு ஹைகோர்ட்டுல போய்ச் சொல்லோணும். அவங்க ஒத்துக்குவாங்களா?"

எல்லோரும் சங்குவைப் பார்த்தார்கள்.

"நான் ஒத்துக்க மாட்டேனுங்," என்றாள். "ஆத்துல சாயம் போடறது சின்னக் குத்தமா மாமா? என்மேல கேஸ் நடந்தே ஆகோணும்."

ஜெயசுதா பேனாவை மேஜையில் போட்டார். "புகார் கொடுத்தவரு கேஸ் வேண்டாங்கறாரு. குத்தவாளி வேணுங்கறாங்க. எனக்கு ஒரு மாசம் லீவு கொடுங்கய்யா யாராச்சும்."

ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வந்தபோது சங்குவுக்கு வேலை போயிருந்தது. பட்டறை வேலை நின்றுவிடுமோ என்ற பயத்தில், தெருவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். தையல்காரிகள் இரண்டு பேர் வாசலில் நின்று, "எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியே அக்கா," என்று அழுதுவிட்டுப் போனார்கள். பச்சை மறைந்துவிட்டதால் நதிநலத் துறை ஜீப்பில் வந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துப்போனது. போனில் பேசிய அதிகாரி அவளைத் தேடிவந்து, "நிறம் வந்தா சொல்லுங்கன்னுதானே மேடம் சொன்னேன்," என்று பாதி பயத்தோடும் பாதி மரியாதையோடும் சிரித்தார்.

வழக்கு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது. சென்னியப்பன் இறங்கினார். வக்கீல் இல்லை, டிரைவர் இல்லை. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை இடுக்கியிருந்தார்.

"வாங்க மாமா," என்று கார்மேகம் எழுந்தான். கை கழுவாமலே நாற்காலி எடுத்துப் போட்டான்.

அவர் உட்காரவில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"இது எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. ஆத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அரை மைல் தள்ளி இருக்குது." பாட்டிலின் மூடியை இறுக்கினார். "சின்ன மருமவ முழுகாம இருக்கறா அம்மிணி. அதத்தான் குடிக்கறா. சும்மா... ஒருக்காப் பாத்துரு."

சங்கு கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். திருவிழாவில் மிஞ்சிய பொடி டப்பாவைச் சமையலறையிலிருந்து எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

மூன்று பேரும் டம்ளரைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சென்னியப்பன் மூச்சு விட்டார். "நாஞ் சொன்னேனல்லோ," என்று தொடங்கினார்.

டம்ளரின் அடியில் ரோஸ் நிறம் ஒரு இழையாகக் கிளம்பியது. நிதானமாகச் சுழன்று மேலே வந்தது. விளிம்புவரை பரவியது.

"இன்னுங் கொஞ்சம் போட்டுப் பாரு. தப்பா இருக்கும்."

போட்டாள். நிறம் அடர்ந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் ரோஸ், கருநீலம், சிவப்பு என்று நிறத்தை விற்றே பங்களா கட்டிய மனிதர், ஒரு டம்ளர் ரோஸ் தண்ணீரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்மேகம் உள்ளே போய், கேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. சொம்புக்குள் உற்றுப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"அம்மிணி," என்றார் மெதுவாக, சொம்பை அவள் பக்கம் நகர்த்தி. "இதுலயும் ஒரு சிட்டிகை போடு."